ஜன்னலைச் சுற்றி மரப்பலகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜன்னலின் உள்பக்கத்தைப் பற்றியவை. ஜன்னல் மாட்டியாகிவிட்டது, சுற்றிலும் பலகை அடித்து முடிக்கும் வேலையை வீட்டிலேயே செய்து பார்க்க நினைக்கிறார்கள். நல்ல முடிவு, தாராளமாகச் செய்யலாம். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, பெயர்களை விட்டுவிட்டுத் தந்திருக்கிறேன்.

ஐயா, புது ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது. நேராகப் பலகையை அடித்து மூடிவிடலாமா, அதற்கு முன் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

நேராக அடித்துவிடாதீர்கள். பலகை அந்த இடைவெளியைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான், காற்றையும் ஈரத்தையும் பூச்சியையும் சத்தத்தையும் அது நிறுத்தாது. முதலில் சட்டம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நான்கு மூலைகளிலும் கையால் அழுத்தினால் ஆட்டம் தெரிகிற இடத்தில், இரண்டு மெல்லிய மர ஆப்புகளை எதிரெதிர் திசையில் செருகி, சட்டம் வளையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஒரே ஆப்பைச் செருகினால் அதன் சரிவு சட்டத்தைத் திருகிவிடும், அதனால்தான் இரண்டு. அதிகம் இறுக்கினால் சட்டம் உள்பக்கம் குவிந்து கதவு உரச ஆரம்பிக்கும், ஆகவே ஒவ்வொரு ஆப்பு செருகிய பிறகும் ஜன்னலைத் திறந்து மூடிப் பாருங்கள்.

அப்புறம் ஃபோம், அதாவது அடித்ததும் உப்பி இடைவெளியை அடைத்துக் கெட்டியாகும் நுரை. டப்பாவில் வருகிற எல்லா ஃபோமும் ஒன்றல்ல. ஜன்னல், கதவுக்கென்று குறைவாக உப்பும் வகை தனியாக விற்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். சாதாரண ஃபோம் உப்பும்போது தருகிற அழுத்தம் சட்டத்தையே வளைத்துவிடக்கூடியது. இடைவெளியை முழுக்க நிரப்பாமல் பாதிக்குச் சற்று மேல் அடித்து விடுங்கள், மீதியை அதுவே உப்பி நிரப்பிக்கொள்ளும். காய்ந்த பிறகு வெளியே துருத்தி நிற்பதைக் கத்தியால் சுவர் மட்டத்துக்குச் சீவிவிடலாம். ஈரமாக இருக்கும்போது துடைக்கப் போனால் கையிலும் சட்டத்திலும் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது, கையுறை கட்டாயம்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் முக்கியமான சோதனை வருகிறது. ஒரு நேரான ரீப்பரை, அதாவது மெல்லிய நீள மரத்துண்டை, சுவரின் மேல் படுக்க வைத்து, அதன் ஒரு முனை ஜன்னல் சட்டத்தின் விளிம்பைத் தொடுகிறதா என்று சுற்றிலும் பாருங்கள். சட்டத்தின் விளிம்பும் சுவரின் மேற்பரப்பும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், நிஜத்தில் அப்படி இருப்பது அபூர்வம். எங்கே சுவர் முன்னால் வந்திருக்கிறது, எங்கே சட்டம் முன்னால் நிற்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்று பென்சிலால் சுவரிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளின் மேல்தான் பலகை உட்காரப் போகிறது, ஆகவே சுவர் அழுக்காகிறதே என்று தயங்க வேண்டாம்.

சட்டம் சுவருக்குள் 10, 20 மி.மீ. உள்வாங்கி இருந்தால் அந்த ஆழத்துக்கு ஒரு உள் லைனிங் கொடுக்க வேண்டும். அதாவது சட்டத்தோடு ஒட்டி, சுவர் மட்டம் வரை வந்து நிற்கும் மெல்லிய பலகை. மேலே 18, கீழே 22 என்று ஆழம் மாறினால் பலகையையும் அதே சரிவில் இழைத்துக்கொள்ளுங்கள். சுவரைவிட அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால் தவறில்லை, தாழ்ந்து நிற்கக் கூடாது.

சார், மூலைகளை 45 டிகிரியில் துல்லியமாக வெட்டுகிறேன். மெஷினில் டிகிரி சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு பலகைகளைச் சேர்த்து வைத்தால் ஏதாவது ஒரு பக்கம் விரிசல் தெரிகிறது. பட்டி வைத்து மூடினாலும் சில மாதங்களில் மறுபடி கோடு விழுகிறது. என்ன தப்பு?

வெட்டில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. 45 என்ற எண் உங்கள் ஜன்னலுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது சட்டம் கோணலாக இருக்கிறதோ என்று. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், சமமாக இருந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன. வித்தியாசம் இருந்தால் உடனே பதற வேண்டாம். 1200-க்கு 1500 மி.மீ. ஜன்னலில் மூலைவிட்டங்கள் 6 மி.மீ. வேறுபட்டால், மூலையில் வரும் கோணப் பிழை 0.2 டிகிரிக்கும் குறைவுதான். 70 மி.மீ. அகலப் பலகையில் அது சுமார் 0.3 மி.மீ. இடைவெளி, பசையும் ஒரு தடவை உப்புத்தாளும் அதைச் சரிசெய்துவிடும். ஆனால் கோணம் முழுதாக 1 டிகிரி பிசகினால் அதே பலகையில் 1.7 மி.மீ. விரியும், அது அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும்.

பெரும்பாலான விரிசலுக்குக் காரணம் முதல் பதிலில் சொன்ன அந்தத் தள வித்தியாசம்தான். சட்டம் சுவரைவிட 3 மி.மீ. முன்னால் நிற்கிறது என்று வையுங்கள், பலகையின் உள்விளிம்பு சட்டத்தின் மேல் ஏறி நிற்கும், வெளிவிளிம்பு சுவரை நோக்கிச் சாயும். இப்படிச் சாய்ந்த இரண்டு பலகைகள் மூலையில் சந்திக்கும்போது பின்பக்க விளிம்புகள் முதலில் முட்டிக்கொண்டு முன்பக்கம் வாயைத் திறக்கும். மெஷினில் எத்தனை தடவை டிகிரியை மாற்றி வெட்டினாலும் இது போகாது, ஏனென்றால் பிழை அந்தத் திசையிலேயே இல்லை. பின்பக்க விளிம்பை உளியாலோ சின்ன இழைப்புளியாலோ 1, 2 டிகிரி சரிவாகச் செதுக்கிவிடுங்கள், முன்முகம் வந்து சேர்ந்துகொள்ளும். இன்னும் நல்ல வழி, வெளிவிளிம்புக்குப் பின்னால் அந்த 3 மி.மீ. தடிமனுக்கு ஒரு மெல்லிய ரீப்பரை ஒட்டி, பலகையைச் சாயாமல் நிற்க வைப்பது. சுவர் முன்னால் வந்திருந்தால், பலகை மூடப்போகிற இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி இறக்குங்கள், அல்லது பலகையின் பின்முகத்தில் வெளிவிளிம்பை ஒட்டி இழைத்து மெலிதாக்குங்கள்.

மூலை உண்மையிலேயே 90 இல்லை என்று தெரிந்தால் அதைப் பாதியாகப் பிரியுங்கள். 91 டிகிரி மூலை என்றால் ஒவ்வொரு துண்டின் கூர்முனையும் 45.5 டிகிரி இருக்க வேண்டும். மைட்டர் ரம்பத்தின், அதாவது மூலைக்குச் சரிவாக வெட்டும் மெஷினின், அளவுகோல் நேர் வெட்டை பூஜ்யமாகக் கொண்டு எண்ணுவதால் அங்கே 44.5-ல் வைக்க வேண்டும். இது பலரைக் குழப்பும் இடம், ஆகவே வீணான துண்டில் ஒரு முறை வெட்டி, மூலையில் வைத்துப் பார்த்த பிறகு நல்ல பலகையில் கை வையுங்கள்.

சில மாதங்களில் கோடு விழுவது வேறு விஷயம். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை, குறுக்கே மாறும். 100 மி.மீ. அகலப் பலகை, அதன் ஈரப்பதம் 4 சதவீதம் குறைந்தால் சுமார் 1 மி.மீ. சுருங்கும். அகலம் குறைந்து நீளம் அப்படியே இருப்பதால் மைட்டரின், அதாவது அந்தச் சரிவு வெட்டின், கூர்மை மாறி, மூலையின் உள்பக்கம் திறந்துகொள்கிறது. ஈரம் ஏறினால் வெளிப்பக்கம் திறக்கும். எந்தப் பக்கம் விரிகிறது என்று பார்த்தாலே மரம் காய்ந்ததா ஊதியதா என்று சொல்லிவிடலாம். வாங்கி வந்த பலகைகளை, நடுநடுவே சின்னக் குச்சிகள் வைத்துக் காற்று போகும்படி அடுக்கி, எந்த அறையில் அடிக்கப்போகிறீர்களோ அதே அறையில் ஒன்றிரண்டு வாரம் விட்டுவிடுங்கள். அடிக்கும்போது வெட்டு முகத்தில் பசை தடவி, அது முழுக்க உறிஞ்சப்பட்டபின் இன்னொரு தடவை தடவிச் சேருங்கள். வெட்டுமுகம் நார்களின் வாய், முதல் பசையைக் குடித்துவிடும், இரண்டாவதுதான் பிடிப்பைக் கொடுக்கும்.

இதெல்லாம் வேண்டாம் என்று தோன்றினால் மைட்டரையே விட்டுவிடலாம். பக்கப் பலகைகள் இரண்டும் நேராக நிற்க, மேல் பலகை அவற்றின் தலையில் படுத்து, இரண்டு பக்கமும் 10, 15 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல் பலகையை மற்றவற்றைவிட 3 மி.மீ. தடிமனாக எடுத்தால் சின்னப் பிசகுகள் அந்த நிழலில் மறைந்துவிடும். மரம் சுருங்கினாலும் இந்த மூட்டு வாய் திறப்பது தெரியாது. முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும்.

ஜன்னலுக்குக் கீழே, பூந்தொட்டி வைக்கிற மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அடிப்பலகை போட ஆசை. அதன் இரண்டு முனையும் சுவரின் மேல் காது மாதிரி நீண்டிருக்க வேண்டும். எந்த வரிசையில் செய்வது, எப்படி அளப்பது?

வரிசை எளிது. அடிப்பலகை முதலில், அதன் மேல் நிற்கும் பக்கப் பலகைகள் அடுத்து, பிறகு மேல் பலகை, கடைசியாக அடிப்பலகைக்குக் கீழே சுவரோடு ஒட்டும் பட்டை. மற்ற எல்லாம் அடிப்பலகையின் மேல் நிற்பதால், அது ரசமட்டத்தில் சரியாக உட்காரவில்லை என்றால் அந்தப் பிழை தலைவரை ஏறும்.

அளப்பதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் வீணாகும் மரத்தில் பெரும்பங்கு டேப்பினால் வீணாவது. டேப்பின் முனையில் இருக்கும் கொக்கி லேசாக ஆடும், அது பழுதல்ல, கொக்கியின் தடிமனை ஈடுகட்டவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் பல நாள் கீழே விழுந்து அடிபட்ட டேப்பில் அந்த ஆட்டம் கூடிப்போயிருக்கும். உள்மூலையில் டேப்பை மடக்கிப் படிப்பதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எப்போதும் ஊகம்தான். ஆகவே எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் எண்ணை விட்டுவிட்டுப் பலகையை இடத்திலேயே வைத்துக் குறியுங்கள். இரண்டு சுவருக்கு நடுவே அளக்க வேண்டுமானால் இரண்டு மெல்லிய ரீப்பர்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, இரண்டு பக்கமும் முட்டும்வரை விரித்து, நடுவில் கிளாம்ப் போட்டு இறுக்கி, அப்படியே எடுத்து வந்து பலகையின் மேல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணே கிடையாது, தப்பு நடக்கவும் வழியில்லை. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனியாகச் செய்யுங்கள். ஒரே அளவு என்று சொல்லி வாங்கிய ஜன்னல்கள் சுவரில் உட்கார்ந்த பிறகு ஒரே அளவில் இருப்பதில்லை.

இப்போது அடிப்பலகை. அதன் நீளம், இரண்டு பக்கப் பலகைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரமும், அதற்கு மேல் இரண்டு பக்கமும் 20 மி.மீ. நீட்டமும் சேர்ந்தது. பக்கப் பலகைகள் இன்னும் அடிக்கப்படவில்லை என்பதால் அவற்றின் இடத்தைச் சுவரில் பென்சிலால் வரைந்துகொள்ள வேண்டும். வரையும்போது சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி வரையுங்கள், விளிம்போடு விளிம்பாக வைக்காதீர்கள். சரியாக ஒரே கோட்டில் வைக்க முயன்றால் அரை மில்லிமீட்டர் பிசகும் கண்ணில் குத்தும், 5 மி.மீ. படி விட்டுவிட்டால் 4.5 ஆனாலும் 5.5 ஆனாலும் யாருக்கும் தெரியாது. கீல், தாழ்ப்பாளுக்கும் இடம் கிடைக்கும்.

பலகையைச் சுவரோடு முட்ட வைத்து, ஜன்னல் திறப்பின் நடுவும் பலகையின் நடுவும் ஒன்றாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு, திறப்பின் இரண்டு ஓரங்களையும் மூலமட்டத்தால் (செங்கோணம் பார்க்கும் கருவி) பலகையின் மேல் ஏற்றிக் கோடு போடுங்கள். அடுத்து, பலகையின் பின்விளிம்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் காம்பஸில் எடுத்துக்கொண்டு, ஒரு கால் சுவரைத் தொட, மறுகால் பலகையில் கோடு போட, காதுப் பகுதியின் மேல் இழுத்துக்கொண்டு போங்கள். சுவர் எப்படி மேடுபள்ளமாக இருந்தாலும் அந்த வடிவம் அப்படியே பலகையில் விழும். ஜிக்சாவாலோ கை ரம்பத்தாலோ கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே வெட்டி, அடிப்பக்கம் சற்று உள்வாங்கும்படி சரித்து, மீதியை இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் கோடு வரை கொண்டுவாருங்கள். மேல்விளிம்பு மட்டும் சுவரைத் தொட்டால் போதும், அதுதான் கண்ணுக்குத் தெரிவது.

பக்கவாட்டில் திறப்புக்குள் போகும் பகுதியில் இரண்டு பக்கமும் 1 மி.மீ. விட்டு வையுங்கள், சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டிய அளவுக்கு இறுக்கம் வேண்டாம். இருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, கதவு இதன் மேல் உரசாமல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே ஆணி. கீழே வரும் பட்டையின் நீளம் பக்கப் பலகைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை. காதுகள் அதைத் தாண்டி நிற்கும். அந்தப் பட்டை அழகுக்கு மட்டும் இல்லை, முன்னால் நீளும் பலகைக்குத் தாங்கலும் அதுதான், ஆகவே மேலே நன்றாக முட்டும்படி அழுத்தி அடியுங்கள்.

நல்ல மரமே போடலாமா, எம்.டி.எஃப். (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) போதுமா? சமையலறையிலும் குளியலறையிலும் ஜன்னல் இருக்கிறது.

பெயிண்ட் அடிக்கப்போகிற உலர்ந்த அறை என்றால் எம்.டி.எஃப். நன்றாகவே இருக்கும். நேராக வரும், முடிச்சு கிடையாது, குறுக்கே வளையாது, வழவழப்பாகப் பெயிண்ட் பிடிக்கும். தண்ணீர் மட்டும் அதற்கு எதிரி. ஒரு முறை ஊறி உப்பினால் காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது, வெட்டிய விளிம்புகளில்தான் அது முதலில் நடக்கும். குளியலறைக்கும், குளிர் நாட்களில் கண்ணாடியில் வேர்த்து வழியும் ஜன்னலின் அடிப்பலகைக்கும் அதை நான் சொல்ல மாட்டேன். அங்கே திட மரம், இல்லையென்றால் பி.வி.சி. பலகை. எம்.டி.எஃப். போடுகிற இடத்தில் வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு தடவை பிரைமர் கொடுங்கள், முதல் தடவையை அது முழுக்கக் குடித்துவிடும்.

எந்த மரமானாலும் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆண்டுக்கணக்கில் தூசியிலேயே வேலை செய்கிறவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து என்றாலும், எம்.டி.எஃப். தூள் மாவாகப் பறந்து மூக்கின் ஆழம்வரை போகும், அதில் பிசின் வேறு இருக்கிறது. வெளியே வைத்து வெட்டுங்கள், என்95 மாதிரி முகத்தோடு ஒட்டி நிற்கும் முகமூடி போடுங்கள். துணி கட்டிக்கொள்வது போதாது.

பலகையின் முனையில் ஆணி அடித்தால் பிளந்துவிடுகிறது.

முனையிலிருந்து 50 மி.மீ.க்குள் அடிக்கும் ஆணிக்கெல்லாம் முதலில் துளை போடுங்கள், ஆணியின் விட்டத்தில் முக்கால் பங்கு துளை போதும். ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடிப்பதும் வேலை செய்யும். கூரான முனை நார்களை விலக்கிக்கொண்டு போவதால்தான் பிளவு வருகிறது, மழுங்கிய முனை அவற்றை நசுக்கி அறுத்துக்கொண்டு இறங்கும். உள்விளிம்பில், சட்டத்துக்குள் போகிற ஆணி மெலிதாகவும் சிறியதாகவும் இருக்கட்டும், 30 மி.மீ. போதும். வெளிவிளிம்பில் 50 மி.மீ. வேண்டும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவரானால் வெளிவிளிம்பில் ஆணியை நம்பாதீர்கள். பிளக் வைத்து ஸ்குரூ போட்டு, தலையை உள்ளே இறக்கி, அதே மரத்தில் செய்த சின்ன அடைப்பால் மூடுங்கள்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே சிலிகான் அடித்தேன். அதன் மேல் பெயிண்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது, சொட்டுச் சொட்டாகத் திரண்டு ஓடுகிறது.

சிலிகான் மேல் பெயிண்ட் ஒட்டாது, இரண்டாவது, மூன்றாவது கோட் அடித்தும் பயனில்லை. கத்தியால் இரண்டு பக்கமும் கீறி, நீளமாக உரித்து எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் பிசுக்கை சிலிகான் நீக்கும் திரவத்தால் துடைத்து, லேசாக உப்புத்தாள் போட்டு, அந்த இடத்தில் பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட் அடியுங்கள். கொஞ்சம் பிசுக்கு விட்டுப்போனாலும் அதே இடத்தில் மறுபடி வட்டம் வட்டமாகத் திரளும், பொறுமையாகத் துடைக்க வேண்டும். 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் சீலன்டை மட்டும் நம்பாமல் உள்ளே ஃபோம் கயிறு வைத்து, அதன் மேல் அடியுங்கள்.

பெயிண்டா, வார்னிஷா என்று முடிவு செய்ய முடியவில்லை. ஒரு ஜன்னலுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துப் பார்த்தோம், முடிச்சு இருந்த இடங்களில் மஞ்சளாக ஊறி வெளியே வருகிறது. இன்னொன்றுக்கு வார்னிஷ் அடித்தோம், வெயில் படுகிற அடிப்பலகையில் செதில் செதிலாக உரிகிறது.

இரண்டுக்கும் மருந்து உண்டு. முடிச்சில் இருந்து வருவது மரத்தின் பிசின். தண்ணீரில் கரையும் பிரைமர் அதைத் தடுக்காது, மேலே எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் ஊறி வந்துகொண்டேதான் இருக்கும். அந்த இடங்களை வெறும் மரம் தெரியும்வரை தேய்த்துவிட்டு, ஷெல்லாக் (அரக்கு) கலந்த முடிச்சு சீலர் இரண்டு தடவை கொடுத்து, காய்ந்தபின் பிரைமர், அப்புறம் பெயிண்ட்.

வெயிலில் வார்னிஷ் உரிவதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுக்கத் தடுப்பதில்லை. தெளிவான வார்னிஷைத் தாண்டிப் போகும் கதிர் அடியில் இருக்கும் மரத்தின் மேல்தோலைச் சிதைக்கிறது, வார்னிஷ் நன்றாகவே இருந்தாலும் அது பிடித்துக்கொண்டிருந்த தளம் நொறுங்கிவிடுவதால் செதிலாகக் கழன்று வருகிறது. ஆகவே உள்பக்க ஜன்னலானாலும் புற ஊதாத் தடுப்புள்ள, வெளிப்புற வேலைக்கான வார்னிஷ்தான் சரி. உரிந்ததன் மேலேயே அடிக்காதீர்கள். சாம்பல் நிறம் போய் புது மரம் தெரியும்வரை இழைத்துவிட்டு, மெலிதாக மூன்று, நான்கு கோட் கொடுங்கள். தேக்கு மாதிரி எண்ணெய் உள்ள மரமானால் பசைக்கும் வார்னிஷுக்கும் முன்னால் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானவுடன் தாமதிக்காமல் அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

எது அடித்தாலும் தேய்ப்பதில் அவசரம் வேண்டாம். 120, பிறகு 180, பிறகு 220 எண் உப்புத்தாள், எப்போதும் நாரின் போக்கிலேயே. 120-ன் கீறல் 180-ல் போயிருக்கிறதா என்று பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், கண்ணுக்கு நேராகப் பார்த்தால் தெரியாதது வார்னிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். தண்ணீரில் கரையும் வார்னிஷ் என்றால் முதலில் ஈரத்துணியால் துடைத்து, நார் எழும்பிக் காய்ந்த பிறகு 220-ஆல் லேசாகத் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வேலையை முதல் கோட் செய்யும். இன்னொன்று, பலகையைச் சுவரில் அடிப்பதற்கு முன்பே பின்முகத்துக்கும் வெட்டு முனைகளுக்கும் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள். முன்முகம் மட்டும் மூடியிருந்தால் பின்னாலிருந்து ஈரம் ஏறி, பலகை ஒரு பக்கமாக வளையும். இந்த ஒரு வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், அடித்த பிறகு செய்ய வழியே இல்லாத வேலையும் இதுதான்.

பெயிண்ட் அடித்து ஒரு வாரம் ஆகிறது. ஜன்னலை மூடிவைத்தால் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயிண்ட் பிய்ந்து வருகிறது.

தொட்டால் காய்ந்திருப்பதும் முழுக்க இறுகியிருப்பதும் வேறு வேறு. தண்ணீர்ப் பெயிண்ட் முழுமையாக இறுகச் சில வாரங்கள்கூட ஆகலாம், அதுவரை ஒன்றின் மேல் ஒன்று அழுந்தும் இரண்டு பெயிண்ட் முகங்கள் ஒட்டத்தான் செய்யும். முடிந்த நேரமெல்லாம் திறந்தே வையுங்கள், உரசும் இடங்களில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிடுங்கள். ரப்பர் பட்டைகளின் மேல் பெயிண்ட் பட்டிருந்தால் உடனே துடைத்து எடுங்கள்.

பழைய வீடு. ஜன்னலில் அடுக்கடுக்காகப் பழைய பெயிண்ட். தேய்த்து எடுத்துவிட்டுப் புதுப் பலகை அடிக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

தேய்க்காதீர்கள், முதலில் பரிசோதியுங்கள். பழைய பெயிண்ட்களில் ஈயம் கலந்திருப்பது சாதாரணம், ஜன்னல்களில் அது இன்னும் அதிகம் கிடைக்கும். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-ல்தான், பல நாடுகளில் அதற்கும் பிறகு. குழந்தைகளுக்கு இந்த அளவுக்குக் கீழே பரவாயில்லை என்று சொல்லத்தக்க ஈய அளவே கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், போனது திரும்பாது. ஒரு துண்டைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது. ஈயம் இருக்கிறதென்றால் உலர்ந்த உப்புத்தாளும் மெஷின் சாண்டரும் நெருப்பும் கூடவே கூடாது. உரியாமல் உறுதியாக இருக்கும் பெயிண்டை அப்படியே விட்டு, அதன் மேல் புதுப் பலகையை அடித்து மூடிவிடலாம். கதவு உரசும் விளிம்புகளில் மட்டும் இப்படி மூட முடியாது, அங்கேதான் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு இந்த வேலையில் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள். வேலை முடிந்து, ஈரத்துணியால் எல்லாம் துடைத்து முடிக்கும்வரை குழந்தையும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

வார்னிஷுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசலாமா?

உள்பக்கப் பலகைகளுக்குத் தாராளமாகப் பூசலாம், தண்ணீர் தேங்கும் அடிப்பலகைக்கு மட்டும் போதாது. மெலிதாகப் பூசி, 20 நிமிடம் கழித்து மேலே நிற்பதை எல்லாம் துடைத்துவிடுங்கள், விட்டுவைத்தால் பிசுபிசுவென்றே இருக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். எண்ணெய் காயும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பத்தை வெளியிடும், சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு துணியையும் வெளியே தனித்தனியாக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் சேருங்கள். அதற்கு இடமில்லையென்றால் தண்ணீர் நிறைந்த மூடி போட்ட தகர டப்பாவில் முழுக்க மூழ்கும்படி போட்டு வையுங்கள்.